ஒரு பாடம் மட்டும் படிக்கலாமா?

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகி, இஸட் வெட்டுப்புள்ளியும் வந்துவிட்டால் நமது கல்முனைக்குடியிலே வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான். "மகளுக்குக் கெம்பஸ் கிடைச்சிட்டா?" கிடைத்த வீட்டில் அல்ஹம்துலில்லாஹ், சீனி போட்ட தேநீரும் பலகாரமும். கிடைக்காத வீட்டில் அந்தப் பிள்ளை இரண்டாம் தரம் எழுதுகிறாள். மூன்றாம் தரமும் எழுதுகிறாள். அதற்கிடையில் மாப்பிள்ளை பேசி வந்துவிடுகிறார்கள். இணைந்த கணிதக் கொப்பிகளெல்லாம் கட்டாகக் கட்டப்பட்டு, கச்சான் சுற்றுகிற கடைக்குப் போய்ச் சேருகின்றன.

சகோதரிகளே, அந்தக் கொப்பிகளை மனமில்லாமல் கொடுத்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மஹ்மூத் மகளிர் கல்லூரியிலும் சுற்றுவட்டாரப் பாடசாலைகளிலும் கணிதப் பிரிவில் படித்துவிட்டு, இன்று இரண்டு மூன்று பிள்ளைகளுக்குத் தாயாக இருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! வகையீடும் தொகையீடும் இன்னும் அவர்களுக்கு மறக்கவில்லை. மகனுக்குச் சாதாரணதரக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அது வெளியே வந்துவிடுகிறது. ஆனால் "நமக்குப் பல்கலைக்கழகம் இல்லை" என்று தமக்குத் தாமே தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாக இருப்பது ஓர் எண்ணம். பல்கலைக்கழகம் என்றால் மூன்று நான்கு வருடம், விடுதி, பட்டம், பட்டமளிப்பு விழாப் படம் எல்லாம் சேர்ந்த ஒரே பொட்டலம் என்பதே அது. முழுப் பொட்டலத்தையும் வாங்க முடியாதவருக்கு உள்ளே இருக்கும் ஒரு சாமானும் கிடையாது என்று நினைக்கிறோம். உலகத்தின் பல பல்கலைக்கழகங்களில் அப்படியல்ல. பட்டத்துக்குப் பதியாமல் ஒரு பாடத்துக்கு மட்டும் பதிந்து, அதற்குரிய கட்டணத்தைக் கட்டி, பரீட்சையும் எழுதிப் புள்ளி பெறலாம். இவரைப் பட்டம் சாராத மாணவர் என்கிறார்கள். வேறொரு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே இங்கே ஒரு பாடத்துக்கு மட்டும் வருபவர் வருகை மாணவர். பரீட்சையும் புள்ளியும் வேண்டாம், விரிவுரையில் உட்கார்ந்து கேட்டால் போதும் என்பவருக்கும் ஓர் இடம் உண்டு. அவருக்கு ஆங்கிலத்திலும் ஜேர்மன் மொழியிலும் இருக்கும் பெயரின் நேர்ப்பொருள் 'கேட்பவர்' என்பதுதான்.

இந்தச் சொல்லைக் கண்டதும் அரபுக் கல்லூரியில் ஓதிய எவருக்கும் 'ஸமாஃ' நினைவுக்கு வரும். ஸமாஃ என்றாலும் கேட்டல்தான். ஹதீஸ் மஜ்லிஸ்களில் ஒரு கிதாபை ஷைகின் முன்னிலையில் வாசிப்பார்கள். வாசித்து முடிந்ததும் கிதாபின் ஓரத்திலோ கடைசிப் பக்கத்திலோ ஒரு பதிவு எழுதப்படும். யார் வாசித்தார், எந்த ஊர், எந்தத் திகதி, யார் யார் உட்கார்ந்து கேட்டார்கள் என்று பெயர் பெயராக எழுதுவார்கள். இடையில் எழுந்து போனவர் எந்தப் பகுதியைத் தவறவிட்டார் என்பதும் அதில் இருக்கும். தூங்கி விழுந்தவரைக் கூடக் குறித்து வைத்தார்கள்! வாப்பாவோடு வந்த சிறுபிள்ளையின் வயதும் எழுதப்பட்டது. பெண்களின் பெயர்களும் உண்டு. திமிஷ்கின் பழைய ஏடுகளில் இத்தகைய பதிவுகள் ஏராளமாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன.

இலங்கைக்கும் வந்துபோன பயணி இப்னு பதூதாவை நீங்கள் அறிவீர்கள். ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் ஹிஜ்ரி 726 ரமழானில் (கி.பி. 1326) திமிஷ்கில் தங்கினார். தங்கியது ஒரு மாதம்கூட இல்லை. அந்தக் குறுகிய நாட்களில் உமையாப் பள்ளிவாசலில் 14 அமர்வுகளில் ஸஹீஹுல் புகாரியைக் கேட்டு முடித்தார். பல அறிஞர்களிடம் இஜாஸாவும் பெற்றார். அவர்களுள் ஒருவர் ஸைனப் பின்த் அல்கமால் (ரஹ்) என்ற பெண் அறிஞர். அந்த நகரத்தில் இப்னு பதூதா எந்த மத்ரஸாவின் முழு மாணவருமல்லர். இன்றைய பேச்சில் சொன்னால் வருகை மாணவர். அவருக்கு அனுமதி கொடுத்தவர்களிலே ஒரு பெண்மணியும் இருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

இன்னும் பின்னே போனால், ஆண்களே தங்களைச் சூழ்ந்திருக்கிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாளை ஒதுக்கித் தாருங்கள் என்று நபி (ஸல்) அவர்களிடம் பெண்கள் போய்க் கேட்டதும், அவர்கள் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்ததும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பெண்கள் ஆலிமா பட்டம் கேட்கவில்லை. பாடம் கேட்டார்கள்.

ஒரு மௌலவிக்குக் கணிதத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். பராயிழ் என்னும் வாரிசுரிமைக் கல்வியை மாணவர்களுக்குக் கற்பிப்பவனுக்கு அந்தக் கேள்வி எழாது. அன்னிஸா அத்தியாயத்தின் 11, 12, 176 ஆகிய வசனங்களில் அரை, கால், எட்டிலொன்று, மூன்றிலிரண்டு, மூன்றிலொன்று, ஆறிலொன்று என்று பங்குகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. பின்னம் தெரியாதவர் அங்கே ஓர் அடியும் வைக்க முடியாது. ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு பெண் மௌத்தாகிறாள். பிள்ளையில்லை, பெற்றோரில்லை. கணவரும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் இருக்கிறார்கள். கணவருக்கு அரை. சகோதரிகள் இருவருக்குமாக மூன்றிலிரண்டு. ஆறு பங்காக வைத்தால் கணவருக்கு 3, சகோதரிகளுக்கு 4, மொத்தம் 7. ஆறில் ஏழை எப்படிக் கொடுப்பது? உமர் (ரலி) அவர்களின் காலத்தில் ஸஹாபாக்கள் கலந்தாலோசித்த விஷயம் இது. முடிவில் சொத்தை ஆறாக அல்லாமல் ஏழாகவே பிரித்தார்கள். ஏழு இலட்சம் ரூபாய் இருந்தால் கணவருக்கு மூன்று இலட்சம், சகோதரிகளுக்கு இரண்டிரண்டு இலட்சம். எல்லாருடைய பங்கும் ஒரே விகிதத்தில் குறைகிறது. இதற்குப் பெயர் 'அவ்ல்'.

பக்தாதில் கி.பி. 820 அளவில் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ர் நூலின் பெரும் பகுதி இத்தகைய வசிய்யத்து, வாரிசுக் கணக்குகளே. அல்ஜிப்ரா என்ற பெயரே அந்த நூலிலிருந்து வந்தது. மீலாத் மேடைகளில் இதை நாம் பெருமையோடு முழங்குகிறோம். முழங்கிவிட்டு வீட்டுக்குப் போய் மகளின் கணிதக் கொப்பியைக் கச்சான் கடைக்குக் கொடுக்கிறோம்!

அதே பக்தாதில் ஒரு காழியின் மகளாக ஸுதைதா அல்மஹாமிலிய்யா (ரஹ்) வாழ்ந்தார். ஹிஜ்ரி 377இல் வபாத்தானார். குர்ஆனை மனனம் செய்தவர். நம்முடைய ஷாபிஈ மத்ஹபின் பிக்ஹில் தேர்ந்தவர். பராயிழிலும் ஹிஸாப் என்ற கணக்கிலும் வல்லவர். பத்வாவும் கொடுத்தார். இன்று சிலர் அவர் புதுப்புதுச் சமன்பாடுகளைக் கண்டுபிடித்தார் என்றெல்லாம் எழுதுகிறார்கள். பழைய வரலாற்று நூல்கள் சொல்லியிருப்பதே போதுமான பெருமை. அதற்கு மேல் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவிலே கணக்கை மருத்துவத்தோடு சேர்த்துப் பர்ளு கிபாயா என்று வைக்கிறார்கள். கொடுக்கல் வாங்கலுக்கும் வாரிசுப் பங்கீட்டுக்கும் அது வேண்டும் என்பது காரணம். அதன் நுட்பங்களில் ஆழ்ந்து போவது கடமையாகாது, அது மேலதிகச் சிறப்பு என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். ஆகவே பல்கலைக்கழகக் கணிதம் உங்கள் மீது கடமை என்று நான் சொல்ல வரவில்லை. விரும்புகிறவளைத் தடுக்க மார்க்கத்தைக் கொண்டு வராதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கேட்பவராகவே உள்ளே நுழைந்தவர்

இனி, கணிதத்திலேயே நடந்த ஒரு வரலாறு. ஜேர்மனியில் எர்லாங்கன் என்றொரு பல்கலைக்கழகம். பெண்களைச் சேர்த்தால் கல்வி ஒழுங்கே குலைந்துவிடும் என்று அதன் ஆட்சிச் சபை 1898இல் அறிவித்திருந்தது. எம்மி நோதர் என்ற பெண்ணின் தந்தை அங்கே கணிதப் பேராசிரியர். மகளோ 1900இல் பெண்கள் பாடசாலைகளில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்பிக்கத் தகுதிப் பரீட்சை தேறியிருந்தார். ஒரு மொழி ஆசிரியையாக அமைதியாக இருந்திருக்கலாம். அதை விட்டுவிட்டுக் கணித விரிவுரைகளுக்குப் போனார். மாணவியாகச் சேர்க்கமாட்டார்கள். கேட்பவராக உட்காரலாம், அதற்கும் ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியே போய் அனுமதி கேட்க வேண்டும். அப்போது அங்கே ஏறக்குறைய ஆயிரம் மாணவர்கள் இருந்தார்கள். பெண்கள் இருவர் மட்டுமே.

இப்படியே ஈராண்டுகள் கேட்டார். 1903இல் நூரன்பர்க் நகரில் நுழைவுப் பரீட்சை எழுதித் தேறினார். பின்னர் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் போய் அங்கேயும் ஒரு பருவம் கேட்பவராகவே இருந்தார். 1904இல் எர்லாங்கன் பெண்களை முறையாகச் சேர்க்கத் தொடங்கியதும் திரும்பி வந்து பதிந்தார். 1907இல் கலாநிதிப் பட்டம். அதற்குப் பிறகும் பல வருடங்கள் சம்பளமில்லாமல் கற்பித்தார். 1918இல் அவர் வெளியிட்ட தேற்றம் இன்று பௌதிகவியல் படிக்கும் எவரும் தாண்டிப் போக முடியாத ஒன்று. 1935இல் அவர் காலமானபோது ஐன்ஸ்டீனே நியூயோர்க் பத்திரிகை ஒன்றுக்கு எழுதி அவரைப் போற்றினார்.

நமது தமிழ் மண்ணின் ராமானுஜன் கதை உங்களுக்குத் தெரிந்ததே, நீட்டவில்லை. கணிதம் தவிர்ந்த பாடங்களில் சறுக்கி எப்.ஏ. பரீட்சையே தேறாதவர். ஆனாலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல் மாதம் 75 ரூபாய் கொடுத்து அவரை ஆராய்ச்சி மாணவராக வைத்துக்கொண்டது. கேம்பிரிட்ஜிலும் வழமையான தகுதிகளை விலக்கியே சேர்த்தார்கள். பட்டம் 1916இல்தான் வந்தது. ஆனால் எல்லாரும் ராமானுஜனல்லர். நோதரின் பாதைதான் நமக்குக் கிட்ட வருகிறது. அவர் விதியை உடைத்துக்கொண்டு போகவில்லை. விதி விட்டுவைத்த சிறு இடைவெளியில் உட்கார்ந்து, வாசல் திறக்கும் வரை படித்துக்கொண்டிருந்தார்.

நமது கரையில்

வெளியே இருந்து படிப்பது நமது பகுதிக்கும் புதிதல்ல. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், துறவு பூணுமுன் ஆசிரியராக இருந்த காலத்தில் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டப் பரீட்சையை வெளிவாரியாக எழுதித் தேறியவர். லண்டன் போய்ப் படித்ததில்லை. 1947இல் வெளிவந்த அவரது யாழ் நூலைத் திறந்தால் இசை நூலா, கணக்கு நூலா என்று மயங்கும்படி எண்கள் நிறைந்திருக்கும். அவர் ஒருவர் மட்டுமல்லர். 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சொந்தமாகப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் இருக்கவில்லை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை அங்கே படித்தவர்களும் லண்டனின் வெளிவாரிப் பரீட்சையையே எழுதினார்கள். இந்த நாட்டின் உயர்கல்வியே வெளிவாரியாகத்தான் தொடங்கியது.

அதே 1942இல் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார்கள். இந்தப் பகுதிப் பிள்ளைகளின் கல்வி நிலையைக் கண்டு கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார்கள். 1945இல் அவர்கள் தொடக்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோனது. 1995இல் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, அடுத்த ஆண்டு முழுப் பல்கலைக்கழகமாயிற்று. கணிதம் கற்பிக்கும் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. ஓட்டோவில் போகும் தூரம்.

ஆனால் ஓட்டோவில் போய் இறங்கிவிட்டால் வகுப்பில் உட்கார முடியாது. இலங்கையில் அரச பல்கலைக்கழகங்களின் உள்வாரி அனுமதி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வழியாகவே நடக்கிறது. மேல்நாட்டைப் போல ஒரு பாடத்துக்கு மட்டும் காசு கட்டிச் சேரும் வழக்கம் உள்வாரியில் இல்லை. நமக்கு உரிய வாசல் 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். தலைமையகம் நாவலையில். மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருக்கிறது. கல்முனையிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர், பஸ் நேராகப் போகும். வயது கூடிவிட்டது என்று அங்கே யாரையும் திருப்பி அனுப்பமாட்டார்கள். அதன் இயற்கை விஞ்ஞான பீடத்தில் பட்டத்துக்கு முழுமையாகப் பதியாமல் தனிப் பாடங்களாகப் பதியும் முறையும் உண்டு. உயர்தரத்தில் போதிய தேர்ச்சி இல்லாதவர் அதே பீடத்தின் ஆயத்தப் பாடநெறி வழியாக மேலே போகலாம்.

அங்கே படிப்பு நடக்கும் விதம் வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு ஓரளவு ஒத்துவரும். அச்சிட்ட பாடநூல்களை அவர்களே தருகிறார்கள். அதை வைத்து நீங்களாகப் படிக்க வேண்டும். இடையிடையே பகல் வகுப்புகள். வீட்டில் செய்து அனுப்பும் ஒப்படைகளும் சிறு பரீட்சைகளும் உண்டு. இவற்றில் போதிய புள்ளி எடுத்தால்தான் இறுதிப் பரீட்சைக்கு உட்கார விடுவார்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. கடைசி மாதம் படித்துக்கொள்ளலாம் என்று நமது பிள்ளைகள் பழகியிருக்கும் பழக்கம் அங்கே செல்லாது. இன்னொன்று, கணிதத்துக்கு ஆய்வுகூடம் கிடையாது. இரசாயனவியல் படிப்பவர் செய்முறைக்குக் கட்டாயம் போக வேண்டும். கணிதம் படிப்பவருக்கு மேசையும் கடதாசியும் போதும். வீட்டுப் பெண்ணுக்கு இத்தனை வசதியான விஞ்ஞானப் பாடம் வேறில்லை என்பது என் கருத்து.

கணவரின் தொழிலின் பொருட்டு வெளிநாட்டில் வாழும் சகோதரிகளுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் 1969இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்தில் ஒரு தனிப் பாடத்துக்குப் பதியலாம். அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பாடசாலை 1910 முதல் வெளியாருக்குத் திறந்திருக்கிறது. இன்று இணையம் வழியாகவும் கணிதப் பாடங்கள் நடத்துகிறது. ஆனால் ஒரு பாடத்துக்கே ஆயிரம் டொலருக்கு மேல் போகும். எதற்காக அவ்வளவு காசு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வர்த்தகமோ கலையோ படித்துப் பட்டம் பெற்றவர் பின்னர் பொருளியலிலோ புள்ளிவிபரவியலிலோ முதுமாணி படிக்க நினைத்தால், உமது கணிதம் எங்கே என்று கேட்பார்கள். அப்போது ஒரு பல்கலைக்கழகம் புள்ளியிட்டுக் கொடுத்த இரண்டு பாடங்கள் பேசும். ஆனால் குறைந்த புள்ளி எடுத்தாலும் அதுவும் அதே தாளில் நிற்கும். ஆயத்தமில்லாமல் பதிந்துவிட்டு வருந்துவதைவிட, முதலில் ஒரு வருடம் இலவசமாகக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

இலவசமாகக் கேட்க இன்று வழி ஏராளம். மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் தன் பாடங்களை எவரும் காசில்லாமல் பார்க்கலாம் என்று 2001இல் அறிவித்தது. அங்கே கில்பர்ட் ஸ்ட்ராங் என்ற பேராசிரியரின் ஏகபரிமாண அட்சரகணித விரிவுரைகள் முழுமையாகக் கிடைக்கின்றன. நிதானமான ஆங்கிலம். கரும்பலகையில் எழுதி எழுதிச் சொல்கிறார். இந்தியாவின் ஐ.ஐ.டி. நிறுவனங்கள் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்திலும் கணித விரிவுரைகள் நிறைய உண்டு. கையில் உள்ள தொலைபேசியே போதும். நாடகத் தொடர் பார்ப்பதற்கு அது பயன்படும்போது இதற்கும் பயன்படட்டுமே.

மஸ்அலாவும் தலீலும்

பதியுமுன் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். பாடசாலைக் கணிதத்தில் கெட்டிக்காரியாக இருந்தவர்களே பல்கலைக்கழகக் கணிதத்தின் முதல் மாதத்தில் திகைத்துப் போகிறார்கள். ஏன்? பிக்ஹ் கற்பதில் இரண்டு படிகள் உண்டு. முதற்படியில் மஸ்அலாக்களைப் படிக்கிறோம். இது கூடும், இது கூடாது. அடுத்த படியில் ஒவ்வொரு மஸ்அலாவுக்கும் தலீல் என்ன, அந்த ஆதாரத்திலிருந்து இந்தச் சட்டம் எப்படி வருகிறது என்று கேட்கிறோம். பாடசாலைக் கணிதம் முதற்படி. பல்கலைக்கழகக் கணிதம் இரண்டாம் படி.

அடுப்படியிலேயே செய்து பார்க்கலாம். கொஞ்சம் புளியங்கொட்டை எடுங்கள். 1 வையுங்கள். அதோடு 3 சேர்த்தால் 4. அதோடு 5 சேர்த்தால் 9. அதோடு 7 சேர்த்தால் 16. ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டக் கூட்ட, இரண்டின் வர்க்கம், மூன்றின் வர்க்கம், நான்கின் வர்க்கம் என்று வருகிறது. பாடசாலைப் பிள்ளை இதை நாலைந்து தரம் செய்து பார்த்து, சரி என்று மனனம் செய்துகொள்ளும். நூறாவது எண்ணில் இது பிழைக்காது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார் பல்கலைக்கழகத்தில். நூறு வரைக்கும் கூட்டிக் காட்டினால், ஆயிரத்தில் என்று கேட்பார். கொட்டைகளைச் சதுரமாக அடுக்குங்கள். மூன்றுக்கு மூன்று சதுரத்தின் வலப்பக்கம் 3, கீழே 3, மூலையில் 1 வைத்தால் நாலுக்கு நாலு ஆகிவிடும். வைத்தது 7. எந்தச் சதுரமானாலும் அடுத்த சதுரத்துக்குப் போக இரு பக்கமும் ஒரு வரிசை, மூலைக்கு ஒன்று. இரு பக்கமும் சமம், மூலையில் ஒன்று. ஆகவே அது எப்போதும் ஒற்றை எண்ணே, அதுவும் முன்னையதைவிட இரண்டு கூடியது. இனி ஆயிரத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இதுதான் நிறுவல். இதைச் செய்து பார்க்கும்போது உங்களுக்கு மகிழ்ச்சி வந்ததா, அலுப்பு வந்ததா என்று பாருங்கள். மகிழ்ச்சி வந்தவர் பதியலாம்.

முதற் பாடமாக எதை எடுப்பது? உயர்தரம் படித்துப் பல வருடம் போய்விட்டவர் நுண்கணிதத்தை மீட்டுக்கொண்டு ஏகபரிமாண அட்சரகணிதத்தில் தொடங்குவது இலகு. தாயங்களும் காவிகளும் ஏற்கனவே அறிமுகமானவை. மெய்ப்பகுப்பாய்வு என்ற பாடத்தை முதலிலேயே எடுக்க வேண்டாம். எல்லை, தொடர்ச்சி என்று பாடசாலையில் கையால் காட்டிச் சொன்னதையெல்லாம் அங்கே தலீலோடு கேட்பார்கள். ஒரு பாடம் முடித்து, நிறுவல் எழுதக் கை பழகிய பின் அதற்குப் போகலாம்.

மொழி இன்னொரு சிரமம். திறந்த பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டப் பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. நாமோ தமிழில் படித்தவர்கள். ஆனால் கணித ஆங்கிலம் சிறியது. இருநூறு முந்நூறு சொற்களுக்குள் அடங்கிவிடும். ஒரு கொப்பியின் நடுவில் கோடு கீறி, ஒரு பக்கம் தாயம், மறுபக்கம் மேட்ரிக்ஸ்; ஒரு பக்கம் காவி, மறுபக்கம் வெக்டர் என்று எழுதி வாருங்கள். இரண்டு மாதத்தில் பயம் போய்விடும். அரபுக் கல்லூரிக்கு வரும் பிள்ளை நஹ்வும் ஸர்பும் படிப்பதைவிட இது கஷ்டமில்லை.

வீட்டுக்குள்

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் நேரமும் சம்மதமும். நமது கிழக்கிலே அல்லாஹ் ஒரு வசதி தந்திருக்கிறான். இங்கே பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். கல்யாணம் முடித்தும் பெண் தன் உம்மாவின் வளவிலேயே இருக்கிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள உம்மா இருக்கிறா, அடுத்த வேலியில் ராத்தா இருக்கிறா. வேறு ஊர்ப் பெண்களுக்கு இது கிடைப்பதில்லை. நமது பகுதியில் ஒரு சகோதரி சுபஹுக்குப் பின் ஒரு மணி நேரம், பிள்ளைகள் தூங்கிய பின் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு ஒரு பாடம் முடித்தார். அஸருக்குப் பிறகு அவர் பக்கம் போகாமல் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருந்தது அவருடைய உம்மா. எழுத்தறிவு குறைந்த அந்த உம்மா, மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டால், "ஏதோ கணக்கு, காசு வராத கணக்கு" என்பாராம்.

கணவர்மாருக்கும் ஒரு சொல். "இதை முடித்தால் நியமனம் கிடைக்குமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். கிடைக்காது. ஒரு தனிப் பாடத்துக்கு யாரும் நியமனம் தருவதில்லை. அதை மறைத்து ஆசை காட்ட நான் விரும்பவில்லை. ஆனால் மகள் உயர்தரத்தில் கணிதம் எடுக்க நினைக்கும்போது, டியூசனுக்கு இஷா கழிந்த நேரத்தில் அனுப்புவதா விடுவதா என்று தவிக்கும் வாப்பாமார் நீங்கள்தானே? பக்கத்து வளவில் கணிதம் தெரிந்த ஒரு பெண் இருந்தால் அந்தத் தவிப்பு எவ்வளவு குறையும் என்று நினைத்துப் பாருங்கள். பெண் பிள்ளைகளுக்கு உயர்தரக் கணிதம் கற்பிக்கப் பெண்கள் போதாமல் இருப்பது நமது ஊரில் எல்லாரும் பேசுவது. அவர்கள் வானத்திலிருந்து இறங்கப் போவதில்லை.

மட்டக்களப்பு நிலையத்துக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டியவை சில. இந்த ஆண்டு கணிதத்தில் எந்தெந்தத் தனிப் பாடங்களுக்குப் பதியலாம்? அதற்கு உயர்தரத்தில் என்ன தேர்ச்சி வேண்டும்? பகல் வகுப்பும் பரீட்சையும் மட்டக்களப்பிலா, கொழும்பிலா? இன்று முடிக்கும் பாடம், நாளை பட்டத்துக்குப் பதிந்தால் கணக்கில் சேருமா, எத்தனை வருடத்துக்குள் பதிய வேண்டும்? கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாமா? பதில்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். உயர்தரச் சான்றிதழின் மூலப் பிரதியையும் அடையாள அட்டையையும் மறக்க வேண்டாம். வாப்பாவோ காக்காவோ கணவரோ கூட வந்தால் அவரை வெளியே மரநிழலில் நிறுத்தாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். வெளியே நின்றவர் வீட்டில் வந்து சொல்லும் கதை வேறாக இருக்கும்.